பதிலிக்கு நின்ற சாட்சி

அத்தியாயம் 9

வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டபோது அம்மாவாசை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். வாயைப் பாதியில் மூடிக்கொண்டு கதவைப் பார்த்தான்.

"மேடம், ஒரு நிமிஷத்துல வந்துடறேன்னு போன ஆளு எதுக்குக் கதவச் சாத்திட்டுப் போறாரு?"

துப்பறியும் தாமரைச்செல்வி அவன் பக்கம் திரும்பவில்லை. சுவரோரம் இரும்பு ரேக்குகளில் அடுக்கி வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு முன்னால் அவள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாப் பெட்டியிலும் பச்சை விளக்கு மினுக்கியது. கடைசித் தட்டில் மூலையில் இருந்த ஒன்று மட்டும் செத்துக் கிடந்தது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சுண்ணே. ஏ.சி. வெளிய போகக் கூடாதுன்னு சாத்தியிருப்பாரு."

"ஏ.சி.க்குச் சாத்தறவன் வெளிப்பக்கம் தாழ்ப்பா போடுவானா? எங்க ஊட்டுல கோழியத்தான் அப்படி அடைப்பாங்க."

தாமரைச்செல்வி எழுந்து வந்து கதவைத் தள்ளினாள். தோளைக் கொடுத்து முட்டினாள். அது அசையவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா, இரண்டு தலைமுறைக்கு நிற்கட்டும் என்று கட்டிய வீடு அது. அவர் பிள்ளைகள் பிரான்சுக்குப் போய்விட, புதுச்சேரி முத்தியால்பேட்டையின் நெரிசலுக்கு நடுவே மாடியை வாடகைக்குப் பிடித்து, இப்போது கதவைச் சாத்திவிட்டுப் போன ராஜ்கமல் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்திக்கொண்டிருந்தான். கதவு மட்டும் இன்னும் சொல்தாவின் கதவாகவே இருந்தது. கை கனத்துக்குத் தேக்கு.

"போன்," என்றாள்.

அம்மாவாசை சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். அதில் ஒரு சீப்பு இருந்தது. மெஷின் அறைக்குள் போன் கூடாது என்று ராஜ்கமல் சிரித்த முகமாகச் சொல்ல, இருவரும் நல்ல பிள்ளைகளாக வாசலில் இருந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"அந்தக் கூடைய நீட்டும்போதே எனக்குச் சந்தேகம்தான் மேடம். நீங்கதான் 'ரூல்ஸ்னா ரூல்ஸ்ண்ணே'ன்னீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றாள் தாமரைச்செல்வி. அவள் குரலில் தன் மேலேயே ஒரு எரிச்சல் இருந்தது.

அம்மாவாசை கதவை இரண்டு கையாலும் அடித்தான். "யோவ் ராஜ்கமலு" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஞாயிற்றுக்கிழமை; வகுப்பு கிடையாது. கீழே இருந்த வெல்டிங் பட்டறையில் எவனோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டான்.

அறைக்கு ஜன்னல் இல்லை. எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மேற்குச் சுவரின் உச்சியில் காற்றை வெளியே தள்ளும் சின்ன விசிறி ஒன்று மட்டும் இருந்தது. அதன் இடுக்கு வழியாக உள்ளங்கை அகலத்துக்கு வெயில் விழுந்து எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தாமரைச்செல்வி அந்த வெயிலைப் பார்த்தாள். "இந்த வெளிச்சம் மேல ஏறிச் செவக்கறதுக்குள்ள நாம வெளிய போகணும்ண்ணே. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூட்டம். கார்குழலி கையெழுத்துப் போட்டுடுவா."

அந்தப் பேரைக் கேட்டதும் அம்மாவாசை இன்னொரு தரம் கதவைத் தள்ளிப் பார்த்தான். காலையில்தான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். நான்கு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. பஞ்சாலை மூடியதிலிருந்து வாட்ச்மேன் வேலைக்குப் போகும் அப்பா சாமிக்கண்ணு. அம்மா இல்லை. கார்குழலிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். "நான் பண்ணல மேடம். ஆனா பண்ணலன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. போட்டுடறேன் கையெழுத்த. முடிஞ்சுது" என்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் என்று தெரிந்துகொண்டவள் பேசுகிற பேச்சு அது. அம்மாவாசைக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை.

விஷயம் இதுதான். 'கோர்வை' என்று ஒரு பிளாக்செயின். எவனுக்கும் சொந்தமில்லாத பொதுக் கணக்கு. அதை ஓட்டும் நிரலைத் திறந்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கி, வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, கணக்குக்குச் சாட்சியாக உட்காரலாம். உட்காருகிறவன் தன் காசில் கொஞ்சம் பிணை வைக்க வேண்டும். கணக்கில் ஒவ்வொரு பக்கம் எழுதி முடிக்கும்போதும் சாட்சிகள் சரிபார்த்து முத்திரை வைப்பார்கள். ஒழுங்காக வைத்தால் கூலி. தூங்கிப்போனால் சின்ன அபராதம். ஒரே பக்கத்துக்கு இரண்டு முத்திரை வைத்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது. பிணை போய்விடும், ஆயுளுக்கும் தடை.

கார்குழலி ராஜ்கமலிடம்தான் இதைக் கற்றுக்கொண்டாள். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஆரம்பித்தாள். ஒழுங்கான பெண் என்று, பழைய ஆலைக் குடும்பங்கள் பலவும் தங்கள் காசையும் அவள் சாட்சியின் பின்னால் பிணையாக நிறுத்தியிருந்தன. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அவள் பேரில் இரட்டை முத்திரை விழுந்தது. அவளோடு சேர்ந்து அத்தனை பேர் பிணையிலும் வெட்டு விழுந்தது. வேண்டுமென்றே இரண்டு இடத்தில் ஓட்டி ஏமாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போகாமல் முடித்துத் தருகிறேன் என்று நடுவில் வந்து நின்றவன் ராஜ்கமல். அதற்காகக் காசு போனவர்களை இன்று சாயங்காலம் ஆலைச் சங்கக் கட்டடத்துக்கு அவன்தான் கூட்டியிருந்தான்.

காலையில் கார்குழலி இதையெல்லாம் விளக்கியபோது, "ஒரே நம்பர் பிளேட்ட மாட்டிக்கிட்டு ரெண்டு ஆட்டோ ஓடின கேசு" என்று அம்மாவாசை சொல்ல, அவள் அந்த வருத்தத்திலும் சிரித்துவிட்டாள். கடற்கரையில் இருபது வருஷம் ஆட்டோ ஓட்டிவிட்டு, வெள்ளைக்காரர்களிடம் பிரெஞ்சில் போன்ழூரும் மெர்சியும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் அவன் தாமரைச்செல்வியிடம் சேர்ந்திருந்தான். எதையும் ஆட்டோவுக்குள் ஏற்றிப் பார்த்தால்தான் அவனுக்குப் புரியும்.

"ரெண்டாவது ஆட்டோ இதுதான்ண்ணே," என்றாள் தாமரைச்செல்வி, செத்துக் கிடந்த பெட்டியைக் காட்டி.

"எப்படிச் சொல்றீங்க?"

"காலைல அவ ஒரு போட்டோ காட்டினாளே. ஆயுத பூஜை அன்னிக்கு எடுத்தது."

அம்மாவாசைக்கு ஞாபகம் இருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் பெட்டி, சாமந்தி மாலையோடு. பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மேலே வைத்து, அதற்கும் ஒரு பொட்டு. பூஜை அன்றைக்கு ஆயுதம் எதுவும் ஓடக் கூடாது என்று அவள் அப்பா பிடிவாதமாகச் சொன்னாராம். ஒரு ராத்திரி வரவில்லை என்றால் சின்ன அபராதம்தானே, போகட்டும் என்று இவளும் விட்டுவிட்டாளாம்.

"அந்த ராத்திரிக்கு அவ சாட்சி லீவு. சரியா? கோர்வையோட பொதுப் பக்கத்துல நான் போய்ப் பாத்தேன். யார் வேணா பாக்கலாம் அத. அன்னிக்கு ராத்திரி அவ சாட்சி ஒரு முத்திரைகூடத் தவறவிடல. லீவு போட்டவ பேருக்கு நேரா விடிய விடிய ஆஜர், ஆஜர்னு இருக்கு. விடிஞ்சப்புறம் அவ வீட்டு மெஷினப் போட்டா. அதுக்கப்புறம்தான் ரெண்டு முத்திரை."

அம்மாவாசை நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ ராத்திரி வேற எங்கயோ ஓடியிருக்கு."

"இங்க. இத அவரு வாயால சொல்ல வைக்கலாம்னுதான் வந்தேன். இது ஏன் ஆஃப்ல இருக்குன்னு கேட்டேன். பழுது, பெட்டியோட சாவி கீழ இருக்கு, ஒரு நிமிஷத்துல வந்துடறேன்னு போயிட்டாரு."

"அவசரப்பட்டுட்டீங்க மேடம்."

"பட்டுட்டேன்."

குளிர் ஏறிக்கொண்டே வந்தது. மெஷின்களுக்காக வைத்த குளிர், மனுஷனுக்குத் தாங்காது. ரிமோட்டையும் ராஜ்கமல் கையோடு கொண்டுபோயிருந்தான். அம்மாவாசை அரைக்கைச் சட்டையில் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"புதுச்சேரில குளுருல வெறச்சுப் போன மொத ஆளு நான்தான்னு பேப்பர்ல வரும். எம் பொண்டாட்டி நம்ப மாட்டா. எங்கியோ குடிச்சிட்டு உழுந்து கெடந்தான்னுதான் சொல்லுவா."

"பேசிக்கிட்டே இருங்கண்ணே. கேக்க நல்லா இருக்கு."

அவள் அப்படிச் சொல்கிறாள் என்றால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். எட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் இடித்த லாரிகளையும் பார்த்து வந்தவள். உழவர்கரையில் சொந்தமாக அலுவலகம் போட்ட பிறகும் லேசில் கலங்குகிறவள் இல்லை. அம்மாவாசைக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து ரேக்குகளைச் சுற்றி வந்தான்.

"மேடம், ஒண்ணு பண்ணுவோம். இந்த பிளக்கு எல்லாத்தையும் புடுங்கி விட்டுடுவோம். சாட்சி தூங்கிட்டா ஓனருக்கு மெசேஜ் போகும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு இல்ல. அலறிக்கிட்டு ஓடி வருவாங்க."

"ஒவ்வொண்ணும் ஒருத்தங்களோடதுண்ணே. நம்பி வாடகைக்கு வச்சிருக்காங்க. நாம வெளிய போறதுக்கு அவங்க அபராதம் கட்டணுமா? ஒரு பொண்ணு செய்யாத தப்புக்கு மாட்டிக்கிட்டது போதும்."

அம்மாவாசை கையை எடுத்துவிட்டான். அந்த நியாயம் பிடிக்கவில்லைதான்.

வெயில் பட்டை சுவரில் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

தாமரைச்செல்வி திரும்பவும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். தலையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவி, பென் டிரைவ் செருகும் ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுரண்டினாள். பின்னின் நுனியில் வந்ததை உள்ளங்கையில் தட்டினாள்.

சிவப்பாக ஒரு துளி. அதோடு ஒட்டிக்கொண்டு, காய்ந்த மஞ்சள் நிறத்தில் ஒரு பொருக்கு.

"என்னாண்ணே இது?"

அம்மாவாசை விரலால் தொட்டு மோந்து பார்த்தான். "குங்குமம். இது சந்தனம். மெஷினுக்குப் பொட்டு வச்சிருப்பாங்க. எல்லாரும் செய்றதுதான."

"இந்த ரூமுல செய்ய மாட்டாங்க. உள்ள நுழையும்போதே ராஜ்கமல் பெருமையாச் சொன்னாரு. பூஜை எல்லாம் வாசலோட சரி, பொடி ஒரு துளி உள்ள போனாலும் மெஷின் காலின்னு. மத்த பெட்டியப் பாருங்க. ஒண்ணுலயாவது பொட்டு இருக்கா?"

இல்லை. ஒவ்வொன்றும் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"பொட்டு வச்சது பெட்டிக்கு இல்லண்ணே. இதுக்குள்ள போன பென் டிரைவுக்கு."

அம்மாவாசைக்கு முதுகில் வேறு விதமான குளிர் ஒன்று இறங்கியது. காலையில் கார்குழலி வீட்டுப் பூஜை அலமாரியில், முருகனுக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவில் அவனே பார்த்திருந்தான். மூடி போட முடியாத அளவுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பிய ஒரு பென் டிரைவ். "சாட்சியோட சாவி, முத்திரை வைக்கிற ரகசிய நம்பரு, அதுலதான் இருக்கு. நகல் எடுத்துப் பத்திரமான எடத்துல வைக்கணும்னு மொத நாள் பாடத்துலயே வரும். எங்க ஊட்டுல பத்திரமான எடம் இதான்" என்று கார்குழலி சொல்ல, "இப்ப சாமிக்கு வேண்டுதலே பென் டிரைவுலதான் போடறீங்களா" என்று இவன் கேட்டான். கார்குழலி சிரித்தாள். காப்பி கொண்டுவந்து வைத்த அவள் அப்பா சிரிக்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

"திருட்டுப் பய," என்றான் அம்மாவாசை. "சாமி அலமாரியில கைய வச்சிருக்கான் பாருங்க அந்த ராஜ்கமலு."

"திருடறவன் வேலைய முடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பாண்ணே. இது வச்ச எடத்துலயே திரும்பி வந்து உக்காந்திருக்கு. முருகன் படம் நகரல, விபூதி சிந்தல. மரியாதையா எடுத்து மரியாதையா வச்சிருக்காங்க."

"அப்ப யாரு?"

தாமரைச்செல்வி உள்ளங்கையைத் தட்டிவிட்டாள். "சொல்ல மாட்டேன். தப்பா இருந்தா பாவம். சரியா இருந்தா அதவிடப் பாவம்."

அவள் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். பழுது என்று ராஜ்கமல் சொன்ன மெஷின் முதல் அழுத்தத்திலேயே உறுமிக்கொண்டு எழுந்தது. மூலையில் இருந்த ஒற்றைத் திரையின் வயரைக் கழற்றி அதில் மாட்டினாள். எழுத்துக்கள் மளமளவென்று ஓடி, பாஸ்வேர்டு கேட்டு நின்றன.

"போச்சு. அது என்னான்னு நமக்குத் தெரியாதே," என்றான் அம்மாவாசை.

"இருங்க. மெஷின் எழுந்தா சாட்சியும் தானா எழுந்துக்கற மாதிரிதான் எல்லாரும் அமைச்சு வப்பாங்களாம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு திரையின் அடியில் இரண்டு வரி வந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள் வாசித்துச் சொன்னாள். சாட்சி கண் விழித்தது. இந்தச் சாட்சி நிரந்தரமாக நீக்கப்பட்டது. பதிவு செய்த எண்ணுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. எண் முழுவதும் நட்சத்திரங்களாக மறைந்திருந்தது.

"அந்த நம்பரு ராஜ்கமலோடதா இருந்தா?"

"கூட்டத்த விட்டுட்டு இங்க ஓடி வரணும். கையெழுத்து தள்ளிப்போகும். வேற ஆளோட நம்பரா இருந்தா பென் டிரைவக் கொண்டாந்தது யாருன்னு தெரிஞ்சுடும். ரெண்டும் நமக்கு லாபம்தான்."

"மூணாவதா ஒண்ணு இருக்கு மேடம். அந்த ஆளு போன சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கறது."

"அதனாலதான் உங்களுக்கு வேல. அணைச்சு அணைச்சுப் போடுங்க. ஒரு மெசேஜ் வந்தா எவனும் பாக்க மாட்டான். வந்துக்கிட்டே இருந்தா பாப்பான்."

அம்மாவாசை பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். அணைப்பான், போடுவான், இரண்டு வரி வரும், அணைப்பான். விரல் மரத்துப்போனது. பல் கிட்டித்தது. வெயில் பட்டை உத்தரத்துக்குக் கிட்டே போய் ஆரஞ்சு நிறமாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. இந்நேரம் சங்கக் கட்டடத்தில் பெஞ்சு போட்டிருப்பார்கள். கார்குழலி ஒரு பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பாள். காகிதம் அவள் முன்னால் இருக்கும். உண்மை இங்கே இந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது, அவளுக்குத் தெரியாது. எழுந்து போய்ச் சொல்ல இவர்களால் முடியவில்லை. அம்மாவாசைக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. அதை மறைக்க இன்னும் வேகமாகப் பொத்தானை அழுத்தினான்.

கீழே பட்டறைச் சத்தம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்று சீக்கிரமே மூடுகிறார்கள் போலிருக்கிறது.

அந்த அமைதியில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தாமரைச்செல்வி உதட்டில் விரல் வைத்தாள். அம்மாவாசை கையில் கிடைத்த கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கதவு ஓரமாகப் போய் நின்றான். ராஜ்கமல் என்றால் முதல் அடி மூக்கில் என்று முடிவு செய்துகொண்டான். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் இருவரையும் பார்க்கவே இல்லை. காக்கி வாட்ச்மேன் உடுப்பு. கையில் போன். அது டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. நேராகக் கடைசித் தட்டுக்குப் போனார். அந்தப் பெட்டியின் வயரைப் பிடித்து ஒரே இழுப்பில் சுவரிலிருந்து பிடுங்கினார். பிளக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாமிக்கண்ணு. கார்குழலியின் அப்பா.

தூக்கிய கீபோர்டை அம்மாவாசை மெல்லக் கீழே இறக்கினான்.

"அண்ணே," என்றாள் தாமரைச்செல்வி, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. அவளுக்கு அதிர்ச்சி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "பென் டிரைவ நீங்கதான் கொண்டாந்தீங்களா?"

அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். "மெஷினு எழுந்துடுச்சு, எழுந்துடுச்சுன்னு வந்துக்கிட்டே இருந்துச்சும்மா. இன்னொரு வாட்டி எம் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு டூட்டிய அப்படியே விட்டுட்டு ஓடியாந்தேன். மாடிக் கதவுச் சாவி கீழ இஸ்திரிக் கடையிலதான் தொங்கும். அன்னிக்கும் சார் சொல்லி அங்கதான் வாங்கியாந்தேன்."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஆலையில பூஜைன்னா தறி நிக்கணும்மா. அன்னிக்கு ஓட்டினா குத்தம். அதனால நிறுத்தச் சொன்னேன். நிறுத்திட்டா. ஆனா அவ பேருல ஆப்சென்ட் விழுதேன்னு மனசு கேக்கல. மூணு ஷிஃப்ட்டுலயும் ஒரு நாள் ஆப்சென்ட் ஆகாதவன் நான். ஆலையில ஒருத்தன் லீவு போட்டா பதிலிக்கு வேற ஆளு நிப்பான். அவன் தறியில இவன் நிப்பான், தறி ஓடும். அதே மாதிரிதான்னு நெனச்சேன். அவளுக்குத் தெரியாம எடுத்தாந்து ராஜ்கமல் சார் கைல குடுத்து, ஒரு ராத்திரிக்குப் பதிலி ஓட்டுங்க சார், காலைல அவ போட்டுக்குவான்னேன். சரின்னாரு. ஓடுதான்னு பாத்துக்கங்கன்னு என் நம்பரத்தான் போட்டுக் குடுத்தாரு."

"காலைல நிறுத்தறேன்னாரா?"

"ஆமாம்மா. நெசமான ஆளு வந்தா பதிலி எறங்கிடணும் இல்ல? அதுதான வழக்கம்." அவர் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். "எறங்கல. கேட்டேன். மறந்துட்டேன்னாரு. வெளிய சொன்னா அப்பனும் பொண்ணும் சேந்து பண்ணாங்கன்னுதான் கேசு ஆவும், ரெண்டு பேரும் உள்ள போவீங்கன்னாரு. அவளாவது கையெழுத்தோட தப்பிக்கட்டுமேன்னு வாய மூடிக்கிட்டேன். அவ மூஞ்சிய என்னால பாக்க முடியலம்மா."

அம்மாவாசை கீபோர்டைத் தட்டில் வைத்துவிட்டு அவர் எதிரில் குந்தினான். இந்த மனுஷன் இத்தனை நாளும் இதைவிடச் சின்ன அறையில் அடைபட்டுக் கிடந்திருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

"அவரு மறக்கலண்ணே," என்றாள் தாமரைச்செல்வி. "ரெண்டு ஓடினா என்ன ஆகும்னு மொத நாள் பாடம் நடத்தறவரே அவருதான். உங்க பொண்ணு பின்னால நின்ன சனம் எல்லாம் இப்ப யாரு பின்னால போவாங்க? அவரு சாட்சி பின்னாலதான?"

அது சாமிக்கண்ணுவுக்கு உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் கையிலிருந்த பிளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். சுவரில் வெளிச்சம் அணைந்துவிட்டிருந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுத் திரும்பப் போட்டார்.

"ப்பா, கூட்டத்துல இருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டுப் பேசறேன்."

"போடாதம்மா. பேனாவக் கீழ வை." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான்தான்மா. சாமி அலமாரிலேர்ந்து எடுத்துக் குடுத்தது நான்தான். உனக்கு ஆப்சென்ட் விழக் கூடாதுன்னு பதிலிக்கு விட்டேன். காலைல நிறுத்தறேன்னு சொல்லிட்டு அந்தாளு நிறுத்தாம வுட்டுட்டான்."

மறுமுனையில் பேனா மேசையில் விழும் சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?" என்றாள் கார்குழலி. அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை.

"நீ என்ன வெறுத்துடுவேன்னு."

"நாந்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன்னு தெனம் ராத்திரி தூங்காம கெடந்தேன்ப்பா. பக்கத்து ரூமுல நீ இருமிக்கிட்டே முழிச்சிருந்த. எனக்காகக் கவலப்படறன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் நேரானது. காலையில் அவர்கள் கேட்ட குரல் அல்ல அது. "இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே இன்னொரு தரம் சொல்லுப்பா. ஸ்பீக்கர்ல போடறேன். எல்லாரும் கேக்கட்டும்."

சாமிக்கண்ணு சொன்னார். இந்தத் தடவை தடுமாறவில்லை. முடித்ததும் அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தமும், ஒரே நேரத்தில் பலர் பேசுகிற இரைச்சலும் கேட்டது. அதற்கு நடுவே, "ஆதாரம் இருக்கா இதுக்கெல்லாம்? பொண்ணக் காப்பாத்தக் கெழவன் கத கட்டறான்" என்று ராஜ்கமலின் குரல் எழுந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

தாமரைச்செல்வி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். பேசுவதற்கு முன்னால், தரையில் கிடந்த ஹேர்பின்னை எடுத்து நிதானமாகத் தலையில் செருகிக்கொண்டாள்.

"ராஜ்கமல் சார், நான் தாமரைச்செல்வி. ஒரு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. நாங்க இன்னும் இங்கதான் இருக்கோம், உங்க பழுதான மெஷினோட."

சிரிப்பு நின்றது. யாரோ அங்கே, "கதவச் சாத்துங்கப்பா, சார் எங்கயும் போக வேணாம்" என்று சொல்வது கேட்டது.